உணவில் நச்சு உலோகங்கள்: மின்வேதியியல் உணரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவில் கலந்திருக்கும் ஈயத்தைச் சில நிமிடங்களில் காட்டிவிடும் கையடக்கக் கருவி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி, நாளிதழ்களின் அறிவியல் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. அதைப் படித்துவிட்டு வேதியியல் மாணவர்களும், மசாலாப் பொடி அரைத்து விற்பவர்களும், குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல முயல்கிறேன். மின்வேதியியல் உணரி (சென்சார்) என்ற அந்தக் கருவியைப் பற்றிய செய்தி பொய்யில்லை. அந்தச் செய்தியில் பெரும்பாலும் விட்டுப்போவது உணவு.

எந்த உலோகங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்சனிக். நான்காவது முழு உலோகம் இல்லை, உலோகப்போலி. ஆனாலும் நஞ்சு என்று வரும்போது அதற்கு முன்வரிசையில்தான் இடம். செம்பும் துத்தநாகமும் கன உலோகங்கள்தாம். உடலுக்கு அவை சிறிதளவு தேவை என்பதால் இந்தப் பட்டியலில் சேர்வதில்லை. ஆனால் அளவீட்டைக் குழப்புவதில் செம்புக்குப் பெரிய பங்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உணவுக்குள் இவை எப்படி வருகின்றன?

மண் வழியாக, நீர் வழியாக, மனிதர் கை வழியாக. ஜப்பானின் தொயாமா பகுதியில் ஜின்சு ஆற்று நீர் பாய்ந்த வயல்களில் விளைந்த அரிசி, மேலே இருந்த சுரங்கத்தின் காட்மியத்தைச் சுமந்து வந்தது. எலும்பு நொறுங்கி வலியில் துடித்தவர்களின் நோய்க்கு இத்தாய்-இத்தாய் என்று பெயர். அது மாசினால் வந்த நோய் என்று ஜப்பான் அரசு 1968இல் ஒப்புக்கொண்டது. அதே நாட்டில் மினமாட்டா விரிகுடாவில் ரசாயன ஆலைக் கழிவிலிருந்த மெத்தில் பாதரசம் மீனில் சேர்ந்து, மீனை உண்டவர்களின் நரம்புகளைத் தாக்கியது. 1956இல் அது அதிகாரபூர்வமாகப் பதிவானது. வங்காள ஆற்றுப்படுகையில் குழாய்க் கிணற்று நீரோடு வந்த ஆர்சனிக், குடிநீரைத் தாண்டி நெல்லுக்குள்ளும் போனது.

மனிதர் கை வழியாக வருவதற்கு மஞ்சள் நல்ல உதாரணம். வங்கதேசத்தில் மங்கிய மஞ்சள் கிழங்குக்குப் பளபளப்பு ஏற்ற, லெட் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியைப் பூசினார்கள். அந்நாட்டுச் சுகாதார ஆராய்ச்சி நிறுவனமான ஐசிடிடிஆர்பியும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ந்து இதை வெளிக்கொணர்ந்தன. அரசு சந்தைகளில் சோதனை நடத்தித் தண்டனையும் விதித்தது. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த ஈயக் கலப்படம் 2021இல் காணாமலேயே போய்விட்டது. 2023இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழ் பாக்கெட்டுகளில் ஈயம் சிக்கியபோது, அதில் சேர்த்த இலவங்கப்பட்டைத் தூளே காரணம் என்று தெரிந்தது. அந்தத் தூளில் 2,270 முதல் 5,110 பிபிஎம் வரை ஈயம் இருந்ததாக அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ அறிவித்தது. மண்ணிலிருந்து வந்த ஈயமாக இருக்க முடியாத அளவு அது. யாரோ நிறத்துக்காகக் கொட்டியிருக்கிறார்கள்.

எவ்வளவு இருந்தால் அதிகம்?

பிபிஎம் என்றால் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம். பிபிபி என்றால் கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டுப் பீதி கிளப்பும் வாட்ஸ்அப் செய்திகளைப் பார்த்திருப்பீர்கள்.

பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், தீட்டிய அரிசியில் காட்மியம் 0.4 பிபிஎம், கனிம ஆர்சனிக் 0.2 பிபிஎம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் அரிசியின் காட்மியத்தை 2021இல் 0.15 பிபிஎம் ஆகக் குறைத்தது. குழந்தைகளுக்கான பால் மாவைக் கரைத்துக் குடிக்கும் நிலையில் ஈயம் 0.01 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது. இந்தியாவில் மஞ்சள் தூளுக்கு ஈய வரம்பு 10 பிபிஎம். ஈயத்தைப் பொறுத்தவரை இவை வாணிகத்துக்கான கோடுகளே. இதற்குக் கீழே இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

மஞ்சள் வரம்பை மீறுவது எவ்வளவு எளிது என்று பாருங்கள். லெட் குரோமேட்டின் எடையில் 64 சதவீதம் ஈயம். ஒரு கிலோ மஞ்சளில் ஒரே ஒரு கிராம் கலந்தால் 640 பிபிஎம் ஆகிவிடுகிறது. அதாவது வரம்பைப் போல் 64 மடங்கு.

மின்வேதியியல் உணரி உண்மையில் எதை அளக்கிறது?

மின்னோட்டத்தை. கரைசலுக்குள் மூன்று மின்முனைகள் இருக்கும். வேலை நடப்பது ஒன்றில், அதன் மின்னழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று, மின்சுற்றை முடித்துவைக்க ஒன்று. இன்று இந்த மூன்றையும் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டின் மேல் கார்பன் மையாலும் வெள்ளி மையாலும் அச்சிட்டு விற்கிறார்கள். குளூக்கோமீட்டர் பட்டையும் இதே அச்சுத் தொழில்நுட்பத்தில் பிறந்ததுதான். மின்முனைகளை ஆட்டிவைக்கும் பெட்டிக்குப் பொட்டென்ஷியோஸ்டாட் என்று பெயர்.

உலோகங்களுக்கு அதிகம் பயன்படுவது ஸ்டிரிப்பிங் வோல்டாமெட்ரி என்ற முறை. முதல் கட்டத்தில் மின்முனைக்கு எதிர்மின்னழுத்தம், எடுத்துக்காட்டாக மைனஸ் 1.2 வோல்ட், கொடுத்துக் கரைசலை இரண்டு மூன்று நிமிடங்கள் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கரைசலில் திரியும் ஈய, காட்மிய அயனிகள் எலக்ட்ரான்களைப் பெற்று உலோகமாக மின்முனையின் மேல் படிகின்றன. இரண்டாம் கட்டத்தில் கலக்குவதை நிறுத்திவிட்டு மின்னழுத்தத்தை மெல்ல நேர்த்திசைக்கு நகர்த்தினால், படிந்த உலோகங்கள் ஒவ்வொன்றாக மீண்டும் அயனியாகிக் கரைசலுக்குத் திரும்புகின்றன. டவுன் பஸ்ஸில் எல்லோரும் ஒரே இடத்தில் ஏறி, அவரவர் நிறுத்தத்தில் இறங்குவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் இடம் எந்த உலோகம் என்று சொல்லும். அங்கே எழும் மின்னோட்ட முகட்டின் உயரம் எவ்வளவு என்று சொல்லும்.

இந்த முறையின் நுட்பமெல்லாம் முதல் கட்டத்தில்தான் இருக்கிறது. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஈயம் உள்ள நீரில் 5 மில்லிலிட்டர் எடுத்தால், அதில் மொத்தமே 50 நானோகிராம் ஈயம். அதை நேரடியாக அளக்க முயன்றால் பின்னணி இரைச்சலில் மூழ்கிவிடும். சில நிமிடங்கள் பொறுமையாக மின்முனையில் சேர்த்துவைத்து, நொடிகளில் வெளியேற்றுவதால் சிறு அளவும் கண்ணுக்குப் படுகிறது.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உணரிக்குத் தெரிவது கரைசலில் தனியாக உலவும் அயனி மட்டுமே. புரதத்தோடு கட்டுண்டு கிடக்கும் காட்மியமோ, கரையாத நிறமிக்குள் அடைபட்ட ஈயமோ அதன் கண்ணில் படாது.

ஒரே அளவீட்டில் பல உலோகங்களைப் பிரித்தறிய முடியுமா?

முடியும், ஓரளவுக்கு. பிஸ்மத் என்ற உலோகம் பூசிய மின்முனையில் காட்மியம் சுமார் மைனஸ் 0.8 வோல்ட்டிலும், ஈயம் சுமார் மைனஸ் 0.55 வோல்ட்டிலும் வெளியேறும். நடுவில் தாராளமான இடைவெளி இருப்பதால் இந்த இணை எல்லா ஆய்வுக் கட்டுரைகளுக்கும் செல்லப்பிள்ளை. சிக்கல் மற்ற உலோகங்களால் வருகிறது. செம்பு அதிகமாக இருந்தால் மின்முனையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். துத்தநாகத்தோடு சேர்ந்து மின்முனையிலேயே உலோகக் கலவையாகிவிடும். தாலியம் என்ற உலோகத்தின் முகடு ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் பக்கத்தில் வந்து நிற்கும். வெள்ளீயமும் ஈயமும் பல ஊடகங்களில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வெளியேறும்.

அப்படியென்றால் ஈயச் சொம்பு ரசத்தைச் சோதிக்க முடியாதா?

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்கு வெளியே யாருக்கும் வராது. சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில். அது நஞ்சு இல்லை. வெள்ளீயத்தைவிடக் காரீயம், அதாவது இதுவரை பேசிய ஈயம், மலிவு என்பதால் அதைக் கலந்து வார்த்திருந்தால்தான் ஆபத்து. புளியும் எலுமிச்சையும் சூடும் சேர்ந்து காரீயத்தைக் கரைத்தெடுக்கும். ஆனால் அந்த ரசத்தில் வெள்ளீயமும் கரைந்திருக்கும் என்பதால், உணரி காட்டும் முகடு யாருடையது என்று சாதாரண அமில ஊடகத்தில் சொல்வது கடினம். ஊடகத்தை மாற்றி இரண்டையும் விலக்கலாம், அனுபவமுள்ளவர் செய்வார். என்னைக் கேட்டால் சொம்பை, எக்ஸ் கதிரால் உலோகங்களை அடையாளம் காணும் எக்ஸ்ஆர்எஃப் கருவி வைத்திருக்கும் நகை மதிப்பீட்டாளரிடம் காட்டுவது எளிது. உலோகத்தில் எத்தனை சதவீதம் ஈயம் என்று அது நேராகவே சொல்லிவிடும்.

முன்பு பாதரச மின்முனைதானே பயன்பட்டது? அதை ஏன் கைவிட்டார்கள்?

1922இல் பிராக் நகரில் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி, மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டும் பாதரசத்தையே மின்முனையாக்கிப் போலரோகிராஃபி என்ற துறையைத் தொடங்கிவைத்தார். 1959இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். ஒவ்வொரு சொட்டும் புதுப் பரப்பு. பழைய அழுக்கு ஒட்டாது. பல உலோகங்கள் அதில் இழைந்து கரைகின்றன. மின்வேதியியலாளர்கள் அதைக் கைவிட மனமில்லாமல் இருந்ததில் வியப்பில்லை. ஆனால் நஞ்சைக் கண்டுபிடிக்க நஞ்சைச் சொட்டவிடும் கருவியைக் களத்துக்கு எடுத்துப்போக முடியாது. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது.

மாற்று அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. 2000ஆம் ஆண்டில் மின்வேதியியலாளர் ஜோசப் வாங்கும் அவருடைய குழுவினரும், கார்பன் மின்முனையின் மேல் மெல்லிய பிஸ்மத் படலம் பூசினாலே ஈயம், காட்மியம், துத்தநாகம் ஆகியவற்றுக்குப் பாதரசத்துக்கு இணையான முகடுகள் கிடைக்கின்றன என்று காட்டினார்கள். பிஸ்மத்தின் நச்சுத்தன்மை மிகக் குறைவு; வயிற்று மருந்துகளில்கூட அது உண்டு. மாதிரிக் கரைசலிலேயே கொஞ்சம் பிஸ்மத் உப்பைப் போட்டுவிட்டால், அளக்க வேண்டிய உலோகத்தோடு சேர்ந்தே அதுவும் படிந்துகொள்கிறது.

பாதரசத்தையும் ஆர்சனிக்கையும் பிஸ்மத்தால் அளக்கலாமா?

முடியாது. அவை வெளியேற வேண்டிய மின்னழுத்தத்துக்கு முன்பே பிஸ்மத் தானே கரைந்துபோய்விடும். இரண்டுக்கும் தங்கம்தான் வழக்கம்.

ஆர்சனிக்கில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மூவிணைதிற ஆர்சனிக் மட்டுமே தங்கத்தில் எளிதாகப் படியும். ஐவிணைதிற வடிவத்தை முதலில் வேதிப்பொருளால் ஒடுக்கியாக வேண்டும். இந்தக் குறையே ஒரு விதத்தில் நன்மையாகவும் முடிகிறது. மீனிலும் இறாலிலும் இருக்கும் ஆர்சனிக்கின் பெரும்பகுதி ஆர்சனோபீட்டெயின் என்ற கரிமச் சேர்மம். அது உடலில் தங்காமல் வெளியேறிவிடும். மொத்த ஆர்சனிக்கை அளக்கும் ஆய்வறிக்கை, தின்னத் தகுந்த இறாலை நஞ்சு என்று சொல்லிவிடக்கூடும். உணரிக்கு ஆர்சனோபீட்டெயின் தெரிவதே இல்லை. ஆகவே மாதிரியை முரட்டுத்தனமாகச் செரிக்காமல், அதாவது கடும் அமிலத்தில் முழுதாகச் சிதைக்காமல், மென்மையாகப் பிரித்தெடுத்தால், ஆபத்தான கனிம ஆர்சனிக்கை மட்டும் பார்க்க முடியும். அரிசிக்கு அமெரிக்க எஃப்டிஏவின் பிரித்தெடுப்பு முறையில் நீர்த்த நைட்ரிக் அமிலத்தில், 0.28 மோலார் செறிவில், 95 டிகிரியில் 90 நிமிடங்கள் வைக்கிறார்கள். அவர்கள் அதன்பின் அளப்பது வேறு கருவியில். பிரித்தெடுத்த கரைசலை உணரிக்கும் கொண்டுவரலாம்.

அரிசிக் கழுநீரிலோ மஞ்சள் நீரிலோ உணரியை முக்கினால் போதாதா?

போதாது. செய்தித்தாள்களில் விட்டுப்போவது இந்தப் பதில்தான்; ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். லெட் குரோமேட் நீரில் கரையாது என்றே சொல்லிவிடலாம். 640 பிபிஎம் ஈயம் உள்ள மஞ்சளை நீரில் கலக்கி உணரியை முக்கினால், அது ஒன்றுமில்லை என்று சொல்ல வாய்ப்பு அதிகம். அந்த மஞ்சளைச் சாப்பிட்டவரின் வயிற்றில் அமிலம் இருக்கிறது, டம்ளரில் இல்லை. கலப்படமில்லை என்று நம்பவைக்கும் தவறான விடை, விடையே இல்லாததைவிட மோசமானது.

அரிசியில் காட்மியம் புரதத்தோடு பிணைந்திருக்கிறது. அதை விடுவிக்க நைட்ரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து, மூடிய கலங்களில் மைக்ரோவேவ் அடுப்பில் 180 முதல் 200 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். சமையலறை மைக்ரோவேவ் இல்லை, அழுத்தத்தைத் தாங்கும் ஆய்வுக்கூடக் கருவி. மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் எல்லாம் எரிந்து, தெளிந்த அமிலக் கரைசல் மிஞ்ச வேண்டும். அரைகுறையாகச் செரித்தால் மிஞ்சிய கரிமப் பொருள்கள் மின்முனைமேல் பிசின்போல் படிந்து முகட்டை அமுக்கிவிடும். முழுமையாகச் செரித்தால் கரைசலின் அமிலத்தன்மை மிகக் கடுமையாகிவிடும்; பிஸ்மத் மின்முனைக்கு வேண்டியதோ பிஎச் 4.5 ஒட்டிய, பிஎச்சை மாறாமல் தாங்கிப்பிடிக்கும் அசிடேட் தாங்கல் கரைசல். ஆகவே நீர்க்க வேண்டும், நடுநிலைப்படுத்த வேண்டும். ஒவ்வொரு முறை நீர்க்கும்போதும் அளக்க வேண்டிய உலோகமும் நீர்த்துக்கொண்டே போகிறது.

கணக்கைப் பார்ப்போம். காட்மியம் சரியாக 0.4 பிபிஎம் வரம்பில் இருக்கும் அரிசி அரை கிராம் எடுத்தால் அதில் 0.2 மைக்ரோகிராம் காட்மியம். செரித்து 50 மில்லிலிட்டர் ஆக்கினால் கரைசலில் 4 பிபிபி. நல்ல உணரிக்கு இது கைக்கெட்டும் தூரம். ஆர்சனிக்கின் 0.2 பிபிஎம் வரம்பு 2 பிபிபி ஆகும்; கவனம் வேண்டும். குழந்தைப் பாலின் 0.01 பிபிஎம் ஈய வரம்பை இதே நூறு மடங்கு நீர்ப்போடு பார்த்தால் 0.1 பிபிபி. அங்கே அமிலத்திலும், கண்ணாடியிலும், சுவரிலிருந்து உதிரும் பெயின்ட் தூசியிலும் இருக்கும் ஈயமே மாதிரியின் ஈயத்தை விஞ்சிவிடும். அதனால்தான் இந்த வேலைக்கு மிகத் தூய அமிலம் வாங்குகிறார்கள், பிளாஸ்டிக் குப்பிகளை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இரவு முழுக்க ஊறவைக்கிறார்கள், மாதிரியே போடாத வெற்றுக் கரைசலையும் உடன் அளக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒவ்வொரு உணவும் முகட்டை ஒவ்வொரு விதமாக அமுக்கும். அதற்கு மருந்து, மாதிரியிலேயே தெரிந்த அளவு ஈயத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து முகடு எவ்வளவு உயர்கிறது என்று பார்ப்பது. அலுப்பான வேலை. இதைச் செய்யாமல், தூய நீரில் போட்ட அளவுக்கோட்டை வைத்து மசாலாவுக்கு விடை சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

ஆய்வுக் கட்டுரைகளில் 0.01 பிபிபி வரை கண்டறியலாம் என்கிறார்களே?

கண்டறிகிறார்கள், தூய தாங்கல் கரைசலில். கிராஃபீன், தங்க நானோ துகள், கரிம-உலோகச் சட்டகம் என்று மின்முனையின் மேல் எதைப் பூசினாலும் இன்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம். படிக்கும்போது இரண்டு இடங்களைத் தேடுங்கள். முதலாவது, உண்மையான உணவு எந்த வடிவில் வந்தது என்பது. குழாய் நீரில் ஈயத்தைச் சொட்டவிட்டு 98 சதவீதம் மீட்டோம் என்று எழுதுவது உணவுச் சோதனை ஆகாது. வெளியிலிருந்து சேர்த்த ஈயம் சுதந்திரமாகத்தான் திரியும். விளைந்த இடத்திலேயே கட்டுண்ட ஈயம் அப்படி இருக்காது. இரண்டாவது, சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருள். அமெரிக்காவின் அளவீட்டுத் தர நிறுவனமான என்ஐஎஸ்டி விற்கும் 1568பி என்ற அரிசி மாவில் காட்மியம் 22.4 பிபிபி, கனிம ஆர்சனிக் 92 பிபிபி என்று சான்றோடு வருகிறது. அதை அளந்து சரியான விடையைச் சொல்லும் உணரிக்கு நான் எழுந்து நிற்பேன். கட்டுரையில் அந்த வரி இல்லையென்றால் மற்ற அட்டவணைகளை வேகமாகத் தள்ளிவிடலாம்.

ஐசிபி-எம்எஸ் கருவி இருக்கும்போது இது எதற்கு?

ஐசிபி-எம்எஸ் என்பது மாதிரியைப் பிளாஸ்மாவில் அயனியாக்கி நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் ஆய்வுக்கூடக் கருவி. அது பல தனிமங்களை ஒரே ஓட்டத்தில், மிகக் குறைந்த அளவிலும் சொல்லிவிடும். ஆனால் கருவியின் விலை கோடி ரூபாயை எட்டக்கூடியது. ஆர்கான் வாயு ஓயாமல் வேண்டும். பயிற்சி பெற்றவர் வேண்டும். பொட்டென்ஷியோஸ்டாட் சில ஆயிரத்திலிருந்து சில லட்சத்துக்குள் முடிந்துவிடும். 2011இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் 80 டாலருக்கும் குறைவான பாகங்களில் அதைச் செய்து, வரைபடத்தையும் இலவசமாக வெளியிட்டார்கள். மிச்சமாவது கருவிச் செலவு மட்டுமே என்பதைக் கவனியுங்கள். அமிலம், செரிப்புக் கலம், சுத்தம், பொறுமை ஆகியவற்றின் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆகவே என் கருத்தில் உணரியின் இடம் சல்லடை வேலை. நூறு மூட்டைகளில் சந்தேகத்துக்குரிய ஐந்தைப் பிரித்துக் கொடுத்தால் போதும். தீர்ப்பு வேறு முறையில் வரட்டும். பெரிய கருவி சொன்னாலும் தீர்ப்பு தகராறாகலாம் என்பதற்கு 2015இன் மேகி நூடுல்ஸ் விவகாரம் சாட்சி. கொல்கத்தாவின் மத்திய ஆய்வுக்கூடம் ஒரு மாதிரியில் 17.2 பிபிஎம் ஈயம் என்றது. அனுமதித்த அளவு 2.5. ஜூனில் தடை வந்தது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது: நிறுவனத்தின் தரப்பைக் கேட்கவில்லை, சோதித்த ஆய்வுக்கூடங்களுக்கு உரிய அங்கீகாரமும் இல்லை. அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வுக்கூடங்களில் மறுசோதனை செய்யச் சொன்னது. அங்கே ஈயம் வரம்புக்குள்தான் இருந்தது.

மஞ்சள் கலப்படம் மாதிரி நூற்றுக்கணக்கான பிபிஎம் இருக்கும் இடங்களில் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கியே மேல். பொடியைக் கரைக்காமலேயே பார்க்கலாம். வங்கதேச அதிகாரிகள் சந்தையில் அதைத்தான் பயன்படுத்தினார்கள். அரிசியின் 0.4 பிபிஎம் காட்மியத்துக்கு அந்தத் துப்பாக்கி உதவாது. அங்கே உணரிக்கு வேலை இருக்கிறது.

களத்தில் உண்மையாகவே வெற்றி பெற்ற உணரி ஏதாவது உண்டா?

உண்டு, உணவில் இல்லை, இரத்தத்தில். லெட்கேர் என்ற அமெரிக்கக் கருவி, குழந்தையின் விரல் நுனியிலிருந்து எடுத்த ஓரிரு சொட்டு இரத்தத்தில் ஈயத்தை மூன்று நிமிடத்தில் சொல்கிறது. உள்ளே நடப்பது மேலே விவரித்த ஸ்டிரிப்பிங் முறையேதான். குடிநீரில் ஈயத்தை அளக்கவும் இந்த முறைக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஒப்புதல் உண்டு.

ஆனால் லெட்கேரின் கதையில் பாடங்களும் இருக்கின்றன. 2017இல், சிரையிலிருந்து எடுத்த இரத்தத்தில் அது குறைத்துக் காட்டுகிறது என்று எஃப்டிஏ எச்சரித்தது. பின்னர் நடந்த ஆராய்ச்சியில் இரத்தம் சேகரிக்கும் குழாயின் ரப்பர் மூடியிலிருந்த தையுராம் என்ற வேதிப்பொருள் மேல் சந்தேகம் விழுந்தது. அது ஈயத்தைப் பற்றிக்கொள்ள, உணரிக்கு ஈயம் தெரியாமல் போனது. கட்டுண்ட உலோகம் கண்ணில் படாது என்று முன்பு சொன்னேனே, அதுதான். 2021இல் இன்னொரு முறை குறைத்துக் காட்டும் கோளாறால் சோதனைப் பட்டைகள் திரும்பப் பெறப்பட்டன. ரப்பர் மூடி ஒன்றே இத்தனை செய்தால், புளிக்குழம்பு என்னவெல்லாம் செய்யும்!

டிஎன்ஏ உணரி, என்சைம் உணரி என்பவை?

பாதரச அயனி டிஎன்ஏவின் கட்டுமானக் கூறுகளில் ஒன்றான தைமின்கள் இரண்டுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். ஈய அயனி வந்தால் மட்டும் தன் இணையை வெட்டும் டிஎன்ஏ என்சைம்களும் உண்டு. 1994இல் முதலில் உருவாக்கப்பட்டவை அவை. இந்த மாற்றங்களை மின்முனையில் மின்னோட்டமாகப் படிக்கலாம். தேர்ந்தெடுக்கும் திறன் அருமை. ஆனால் அமிலத்தில் செரித்த மாதிரி டிஎன்ஏவுக்கும் என்சைமுக்கும் ஒவ்வாது, குளிர்பதனமும் வேண்டியிருக்கும். இப்போதைக்குக் குடிநீருக்குப் பொருத்தம்.

வீட்டில் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். கருவி கைபேசியோடு இணையும். கொதிக்கும் நைட்ரிக் அமிலம் சமையலறையோடு இணையாது. அந்தப் பணத்தில் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதிரியைச் சோதித்துவிடலாம். கொடுக்கும்போது மூட்டையின் ஒரே மூலையிலிருந்து அள்ளாமல் பல இடங்களிலிருந்து எடுத்துக் கலந்து கொடுங்கள். ஆர்சனிக் என்றால் கனிம ஆர்சனிக்கைத் தனியாகக் கேளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது வேறு. அரிசியை நிறைய நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துவிட்டால், கனிம ஆர்சனிக் 40 முதல் 60 சதவீதம் வரை குறையலாம் என்று எஃப்டிஏ சொல்கிறது. குக்கருக்கு முந்தைய நம் வடிப்பு முறைதான் இது. ஆர்சனிக் உள்ள பகுதியில் அந்த வடிகஞ்சியைக் குடிக்கக் கூடாது, நீரிலேயே ஆர்சனிக் இருந்தால் இந்த வழி உதவாது. மஞ்சளைப் பொடியாக வாங்காமல் கிழங்காக வாங்கினால் பாதுகாப்பு என்பதும் பாதி உண்மையே. வங்கதேசத்தில் பூச்சு ஏறியது கிழங்கின் மேல்தான். கண்ணைப் பறிக்கும் மஞ்சளை ஒதுக்குங்கள்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இதை எங்கிருந்து தொடங்குவது?

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 முதல் இயங்குகிறது; அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வரவழைத்தது அது. மின்வேதியியலை முழுநேரமாகச் செய்பவர்கள் அங்கே இருக்கிறார்கள்; எட்டாத இடமில்லை.

உங்கள் மேசையில் அச்சிட்ட கார்பன் மின்முனை, பிஎச் 4.5 அசிடேட் தாங்கல், கொஞ்சம் பிஸ்மத் உப்பு ஆகியவற்றோடு 20 பிபிபி ஈயமும் காட்மியமும் எடுத்துத் தொடங்குங்கள். மைனஸ் 1.2 வோல்ட்டில் இரண்டு நிமிடம் சேர்த்து, மின்னழுத்தத்தைச் சதுர அலைத் துடிப்புகளாக நகர்த்தும் சதுர அலை முறையில் படியுங்கள். இரட்டை முகடு அழகாக வந்ததும் அதே கரைசலில் செம்பைச் சேர்த்துப் பாருங்கள். பிறகு ஒரு துளி பால். முகடு எங்கே போனது என்று தேடும்போதுதான் பாடம் ஆரம்பம். அரிசிக்கு அடுத்த பருவத்தில் போகலாம். ஈயக் கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனிக் குப்பியில் சேர்த்து வையுங்கள்.